பிறக்கும்போதே திருடனா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?"

இந்தப் பழமொழியைச் சொல்லாத தாத்தா நம் ஊரில் கிடையாது. பேரன் பள்ளிக்கூடம் போகவில்லை என்றால் இதைச் சொல்வார். பேத்தி எதிர்த்துப் பேசினால் இதைச் சொல்வார். பக்கத்து வீட்டுப் பையனைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனால், திண்ணையில் உட்கார்ந்தபடியே இதைச் சொல்லித் தலையை ஆட்டுவார்.

பழமொழியில் பொய் இல்லை. ஆனால், அதில் ஒரு கேள்விக்குப் பதிலும் இல்லை. ஐந்து வயதில் அந்தப் பிள்ளையை வளைக்க வேண்டியவர் யார்? அந்த நேரத்தில் அவர் எங்கே இருந்தார்?

திருடனும் ரவுடியும் வானத்தில் இருந்து குதிப்பதில்லை. அவர்களும் ஒரு காலத்தில் தொட்டிலில் கிடந்தவர்கள்தான். அம்மா முகத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான். அந்தச் சிரிப்புக்கும் கை விலங்குக்கும் நடுவில் என்ன நடந்தது? உலகத்தில் பல அறிஞர்கள் இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு, நாற்பது வருடம், ஐம்பது வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டுபிடித்த விஷயங்கள் காஞ்சிபுரத்துத் தறி வீடுகளுக்கும் பொருந்துகின்றன. எப்படி என்று பார்ப்போம்.

ரத்தத்தில் ஊறியதா?

"அவன் பிறவியே அப்படி!" என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பேச்சை முதலில் தீர்த்துவிடுவோம்.

இத்தாலி நாட்டில் லொம்புரோசோ என்று ஒரு டாக்டர் இருந்தார். 1876-ம் ஆண்டில் அவர் ஒரு புத்தகம் எழுதினார். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளியாகப் பிறக்கிறான், அவனுடைய தாடையையும் காதையும் நெற்றியையும் பார்த்தே சொல்லிவிடலாம் என்றார். உலகமே வாயைப் பிளந்து கேட்டது. அவர் சொன்ன அடையாளங்களை வைத்துத் தேடினால், நம் உறவுக்காரர்களில் பாதிப் பேர் ஜெயிலில் இருக்க வேண்டியதுதான்! இங்கிலாந்து நாட்டு ஜெயில் டாக்டர் சார்லஸ் கோரிங் என்பவர் சுமார் 3,000 கைதிகளை அளந்து பார்த்தார். "அப்படி ஒரு தனிப் பிறவி கிடையாது" என்று 1913-ல் எழுதினார்.

அதற்குள் நம் நாட்டில் ஒரு கொடுமை நடந்துவிட்டது. வெள்ளைக்கார சர்க்கார் 1871-ம் ஆண்டில் "குற்றப் பரம்பரைச் சட்டம்" என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சில சாதிகளில் பிறந்தவர்கள் எல்லோருமே குற்றவாளிகள் என்றது அந்தச் சட்டம்! 1911-ல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு தப்பும் செய்யாதவர்கள்கூடக் கைரேகை கொடுக்க வேண்டும், ஊரைவிட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று ஆயிற்று. மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் மக்கள் இதற்குப் பணிய மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீசார் சுட்டார்கள். பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்து விழுந்தார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947-ல் அந்தச் சட்டம் ஒழிந்தது. 1952-ல் இந்தியா முழுவதும் ஒழிந்தது. பிறகு என்ன ஆயிற்று? முத்திரை குத்தப்பட்ட அதே வீடுகளில் இருந்து ஆசிரியர்கள் வந்தார்கள், டாக்டர்கள் வந்தார்கள், போலீஸ் அதிகாரிகளும் வந்தார்கள். ரத்தம் மாறவில்லை. பள்ளிக்கூடத்துக் கதவு திறந்தது, அவ்வளவுதான்.

ஒரே தெரு, ஒரே ஏழ்மை

"அப்படியானால் ஏழ்மைதான் காரணமா?" என்று கேட்பீர்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் என்ற நகரத்தில் ஷெல்டன் குளுக், எலினார் குளுக் என்று கணவனும் மனைவியுமாக இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இருந்தார்கள். அவர்கள் சீர்திருத்தப் பள்ளியில் அடைபட்டிருந்த 500 பையன்களை எடுத்துக்கொண்டார்கள். எந்த வம்புக்கும் போகாத 500 பையன்களையும் தேடிப் பிடித்தார்கள். ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தார்கள். இரண்டு பக்கத்துப் பையன்களுக்கும் வயது ஒன்று, புத்தி ஒன்று, குடியிருக்கும் பேட்டை ஒரே மாதிரியான ஏழைப் பேட்டை. அதாவது, ஏழ்மை இரண்டு பக்கமும் இருந்தது. ஆனால், ஒரு பக்கம் கெட்டது, ஒரு பக்கம் கெடவில்லை. ஏன்?

அவர்கள் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். 1950-ல் முடிவை வெளியிட்டார்கள். வித்தியாசம் வீட்டுக்கு உள்ளே இருந்தது. அப்பா எப்படிக் கண்டிக்கிறார்? அம்மா பிள்ளையை எவ்வளவு கவனிக்கிறாள்? அப்பாவுக்குப் பிள்ளையிடம் பாசம் உண்டா? அம்மாவுக்கு உண்டா? வீட்டில் உள்ளவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டி இருக்கிறார்களா? இந்த ஐந்திலும் கெட்டுப்போன பையன்களின் வீடுகள் பின்தங்கி இருந்தன.

இதில் அப்பாவின் கண்டிப்பு என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மிகவும் கடுமையான அப்பாவின் பிள்ளை கெட்டான். எதையுமே கேட்காத அப்பாவின் பிள்ளையும் கெட்டான். ஒரு நாள் கொஞ்சிவிட்டு, மறுநாள் குடித்துவிட்டு வந்து அதே காரியத்துக்குத் தோலை உரிக்கிற அப்பாவின் பிள்ளையும் கெட்டான். உறுதியாகவும் அன்பாகவும் கண்டித்த அப்பாவின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் தப்பினார்கள்.

1961-ல் லண்டன் நகரத்தின் தெற்குப் பகுதியில் இன்னொரு ஆராய்ச்சி தொடங்கியது. எட்டு வயதுப் பையன்கள் 411 பேர். அவர்கள் தலை நரைக்கும் வரை அந்த ஆராய்ச்சி விடவில்லை. எந்தப் பையன்கள் பிற்காலத்தில் கோர்ட்டுக்குப் போனார்கள்? சிறு வயதிலேயே வறுமை, ஜெயிலுக்குப் போன தகப்பன், பெற்றோர் பிரிவு, கவனிப்பார் இல்லாமை, அளவுக்கு மீறிய அடி என்ற பாரங்களைச் சுமந்தவர்களில் அதிகம் பேர் போனார்கள். ஒரு பாரம் இருந்தால் சமாளித்தார்கள். நாலைந்து சேர்ந்தபோதுதான் முதுகு ஒடிந்தது.

ஏழ்மைக்குப் பங்கு இல்லை என்று யாரும் இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. விடிந்ததில் இருந்து இருட்டும் வரை கூலிக்குப் போகிற தாய் பிள்ளையை எப்படிக் கவனிப்பாள்? கடன்காரன் வாசலில் நிற்கும்போது தகப்பனுக்குப் பொறுமை எங்கே வரும்? ஏழ்மை நேராகப் பிள்ளையைக் கெடுப்பதில்லை. தாய் தகப்பனைப் பிள்ளையிடம் இருந்து பிரித்து வைக்கிறது.

கோர்வைக்கு ஒரு கை

இப்போது காஞ்சிபுரத்துக்கு வருவோம்.

பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்து போனால் தறியின் சத்தம் தெருவுக்குக் கேட்கும். காஞ்சிபுரம் பட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அதன் கரை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் பிரியாமல் இணைத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். கோர்வைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெசவாளர் ஒருவரால் மூன்றையும் ஓட்ட முடியாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும்.

அந்த இன்னொரு கை யாருடைய கை? மனைவியின் கை, தம்பியின் கை. அது கிடைக்காதபோது, பிள்ளையின் கை. தன் வீட்டுப் பிள்ளை இல்லாவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளை.

அடுத்த வீட்டுப் பிள்ளை எப்படி வந்தான்? அங்கேதான் முன்பணம் என்ற சமாச்சாரம் வருகிறது. வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு வைத்தியச் செலவு, ஒரு சாவு. தகப்பன் தறிக்காரரிடம் பணம் வாங்குவான். பணம் அடைபடும் வரை பிள்ளை அந்தத் தறியில் உட்காருவான். பிள்ளையின் கூலியோ சொற்பம். கடன் எப்படி அடையும்? மேலே மேலே வாங்கியதால் கடன்தான் வளர்ந்தது, பிள்ளையும் வளர்ந்தான்.

பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பது குற்றம் என்று 1933-லேயே சட்டம் வந்துவிட்டது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-ல் ஒரு சட்டம். குழந்தைத் தொழிலாளர் பற்றி 1986-ல் ஒரு சட்டம். அந்த 1986 சட்டத்தில், குடும்பத்தார் சேர்ந்து வேலை செய்கிற இடத்துக்கு விலக்கு இருந்தது. எந்தப் பிள்ளையையும் "எங்கள் வீட்டுப் பிள்ளைதான்" என்று சொல்லிவிட அது வசதியாகப் போயிற்று. மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற உலக அமைப்பு 1996-லும் 2003-லும் இந்தியாவில் கொத்தடிமைப் பிள்ளைகள் பற்றி அறிக்கைகள் வெளியிட்டது. 2003 அறிக்கை முழுவதுமே பட்டுத் தொழிலில் கிடந்த பிள்ளைகளைப் பற்றியது. அதில் நம் காஞ்சிபுரமும் இடம் பெற்றது. கோயில் கோபுரத்துக்காக உலகப் பேர் வாங்கிய ஊர், இப்படியும் ஒரு பேர் வாங்கியது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தறியில் உட்கார்ந்த பிள்ளைகள் ரவுடி ஆகவில்லை. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நாணயமான நெசவாளர்களாக, கூலிக்காரர்களாக, நல்ல தாய் தகப்பன்களாக வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள். தறி யாரையும் கெடுக்காது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைத் தொட்டுப் பார்ப்பதை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். அது தொழில் மட்டுமல்ல, அப்பாவோடு இருக்கிற நேரமும்கூட.

அடகு வைக்கப்பட்ட பிள்ளையின் கதை வேறு. பத்து வயதுப் பையன் ஒருவனை நினைத்துப் பாருங்கள். காலையில் தறிக்குப் போகிறான், இருட்டிய பிறகு வருகிறான். பாஸ்டன் நகரத்து ஐந்து கேள்விகளை அவனிடம் கேளுங்கள். கண்டிப்பவர் யார்? அப்பா அல்ல, தறிக்காரர். எதற்காகக் கண்டிக்கிறார்? இழை அறுந்ததற்காக. கவனிப்பவர் யார்? அவரும் தறிக்காரர்தான், ஆனால் அவர் கண் பட்டின்மேல். பாசம்? தன்னை விற்றது அப்பா என்று அந்த வயதிலேயே அவனுக்குத் தெரியும். வீட்டோடு ஒட்டுதல்? தூங்குவதற்கு மட்டும் வீடு.

அவன் ஒரு நாள் ஓடிப்போனான் என்று வைத்துக்கொள்வோம். சென்னை 75 கிலோமீட்டர் தூரம்தான். பஸ் நிலையத்திலும் ரெயில் நிலையத்திலும் அவனை முதலில் பார்த்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்பவர் யார் என்பதைப் பொறுத்து அவன் தலையெழுத்து மாறும். நல்லவர் கேட்டால் பிழைத்தான். பிக்பாக்கெட் கூட்டத்துக்காரன் கேட்டால்? பசித்தவனுக்குக் கேட்டவன் யார் என்று தெரியாது. கேட்டான் என்பதுதான் தெரியும்.

சோறு செய்த வேலை

இன்று நிலைமை முன்போல் இல்லை. நெசவே குறைந்துவிட்டது. பல வீடுகளில் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். அதைவிட முக்கியம், பள்ளிக்கூடம் பிள்ளையை இழுத்துக்கொண்டது.

இழுத்தது பாடம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சோறும் இழுத்தது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் பள்ளிக்கூடங்களில் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு வந்தது. 2022-ல் ஆரம்பப் பள்ளிகளுக்குக் காலைச் சிற்றுண்டியும் வந்தது. பசி தீர்ந்தது ஒரு பக்கம். இன்னொரு பலனை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஒன்பது மணியில் இருந்து நாலு மணி வரை பிள்ளை எங்கே இருக்கிறான் என்று ஒரு பெரியவருக்குத் தெரிகிறது. அவன் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்கிறார். லண்டன் ஆராய்ச்சிக்காரர்கள் கவனிப்பு என்று சொன்னார்களே, அது இதுதான்.

2016-ல் சட்டமும் இறுகியது. 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. வீட்டுத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவி செய்யலாம். அந்தச் சலுகை பழைய ஓட்டையாக மறுபடி ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அதிகாரிகளின் வேலை.

கூட்டம் கொடுக்கிற மரியாதை

ஆனாலும் காஞ்சிபுரம் பெயர் வேறொரு வழியில் பத்திரிகைகளில் வந்தது. இந்த ஊரைச் சேர்ந்த ஒரு பெரிய ரவுடி, போலீசாருக்குத் தப்பி வெளிநாடு ஓடி, 2017 அக்டோபரில் கம்போடியா நாட்டில் இறந்துபோனார். அவர் போன பிறகு அவருடைய ஆட்களே பிரிந்து ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள்.

அவருடைய பெயர் நமக்கு வேண்டாம். பெயரைப் போடுவதே சிலருக்குப் பெருமையாகப் போய்விடுகிறது. நாம் கவலைப்பட வேண்டியது, அந்தக் கூட்டங்களுக்குப் பின்னால் போகிற மீசை முளைக்காத பையன்களைப் பற்றி.

கூட்டம் அந்தப் பையனுக்கு என்ன கொடுக்கிறது? காசு என்று சட்டென்று சொல்லிவிடுவோம். முதலில் காசு வருவதே இல்லை. ஒரு டீ வருகிறது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார இடம் வருகிறது. ஒரு பட்டப்பெயர் வருகிறது. "நம்ம பையன்" என்ற சொல் வருகிறது. வீட்டில் "தண்டச்சோறு" என்று பேர் வாங்கியவனுக்கு, பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சுக்குத் தள்ளப்பட்டவனுக்கு, அந்த ஒரு சொல் கோவில் பிரசாதம் மாதிரி. அதற்குப் பிறகுதான் கஞ்சா பொட்டலம், கத்தி எல்லாம். முதல் டீக்கும் முதல் கத்திக்கும் நடுவில் பல மாதங்கள் இருக்கின்றன. அத்தனை மாதமும் அவன் ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தான்?

"அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்று பெல்ட்டை எடுக்கிற தகப்பன்மார்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் கேத்தி விடம் என்ற அம்மையார், சிறு வயதில் கொடுமைப்படுத்தப்பட்ட அல்லது கவனிப்பாரற்று விடப்பட்ட 908 பிள்ளைகளின் பிற்காலத்தைத் தேடிப் பார்த்தார். 1989-ல் வெளியிட்டார். சிறுவர் வயதிலேயே போலீசில் பிடிபட்டவர்கள் அவர்களில் 100-க்கு 26 பேர். அந்தக் கொடுமை இல்லாமல் வளர்ந்தவர்களில் 100-க்கு 17 பேர். அடி உதவவில்லை. கேடு செய்தது.

அதே கணக்கைத் திருப்பியும் பாருங்கள். கொடுமைக்கு ஆளான 100 பேரில் 74 பேர் பிடிபடவில்லை. "அடிபட்டவன், அநாதை, அவன் கெட்டுத்தான் போவான்" என்று யாராவது சொன்னால், லொம்புரோசோ டாக்டர் வேறு வேஷத்தில் வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

செங்கல்பட்டு

பிடிபட்ட பிள்ளை எங்கே போகிறான்?

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் செங்கல்பட்டில் 1887-ம் ஆண்டிலேயே சிறுவர் சீர்திருத்தப் பள்ளி ஏற்பட்டது. 1920-ல் சென்னை மாகாணத்தில் சிறுவர் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே முதல் சிறுவர் சட்டம் அதுதான். பெரிய குற்றவாளிகளோடு பிள்ளைகளைப் போட்டால், உள்ளே போனவன் தொழில் கற்றுக்கொண்டு வெளியே வருவான் என்பது அன்றைக்கே தெரிந்திருந்தது. இன்று நடப்பில் உள்ளது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம்.

சட்டம் நல்ல சட்டம். நடைமுறை எப்படி? 2022 டிசம்பர் கடைசியில் சிறு திருட்டு வழக்கில் 17 வயதுப் பையன் ஒருவன் செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பப்பட்டான். டிசம்பர் 31-ந் தேதி அவன் உயிரோடு இல்லை. அவனை அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைது செய்யப்பட்டார்கள். திருந்துவதற்கு அனுப்பிய இடம் அது! இதன் பிறகு, இப்படிப்பட்ட இல்லங்களை ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசு 2023-ல் நியமித்தது.

வீட்டில் அடி, தறியில் அடி, பிறகு இல்லத்திலும் அடி என்றால், அந்தப் பிள்ளை பெரியவர்களிடம் இருந்து கற்றுக்கொண்ட ஒரே பாடம் என்ன?

பிள்ளை பிடிபட்டால் பெற்றோர் பயந்து, கையில் உள்ளதை விற்று, தெருவில் கிடைத்த தரகனிடம் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே சட்டத்தில் உள்ளதைத் தெரிந்துகொள்ளுங்கள். 7 வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்வது எதுவும் குற்றமே ஆகாது. 18 வயது ஆகாத பிள்ளையைப் போலீஸ் லாக்-அப்பில் வைக்கக் கூடாது. கை விலங்கு போடக் கூடாது. பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அந்தக் குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும், இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். ஜாமீன் கொடுப்பதுதான் வழக்கம், மறுப்பதற்குத்தான் காரணம் எழுத வேண்டும். பிள்ளையின் பெயரையோ படத்தையோ பத்திரிகையில் போடக் கூடாது. வழக்கு முடிந்த பிறகு அந்தக் கறை அவனுடைய வேலைக்கோ படிப்புக்கோ குறுக்கே வரக் கூடாது. 16 வயது நிரம்பியவன் கொலை போன்ற கொடிய குற்றம் செய்ததாக வழக்கு இருந்தால் மட்டும், குழுமம் ஆராய்ந்து, பெரியவர்களைப்போல் விசாரிக்க அனுப்பலாம்.

ஐம்பதிலும் வளையும்

பாஸ்டன் நகரத்து 500 பையன்கள் பிறகு என்ன ஆனார்கள்?

குளுக் தம்பதி எழுதிய காகிதங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக ஹார்வர்டு சர்வகலாசாலையின் ஒரு நிலவறையில் தூசி படிந்து கிடந்தன. ராபர்ட் சாம்ப்சன், ஜான் லாப் என்ற இரண்டு பேர் அவற்றைக் கண்டெடுத்தார்கள். அந்தப் பையன்களைத் தேடிப் புறப்பட்டார்கள். பையன்களா? அதற்குள் எழுபது வயதுக் கிழவர்கள்! அவர்களில் 52 பேரைக் கண்டுபிடித்துப் பேசினார்கள். 2003-ல் அந்தப் புத்தகம் வந்தது.

சீர்திருத்தப் பள்ளியில் கிடந்த அந்தப் பொல்லாத பிள்ளைகளில் பெரும்பாலோர் காலப்போக்கில் குற்றத்தை விட்டுவிட்டார்கள். எது விடவைத்தது? ஒரு நிலையான வேலை. அன்பான ஒரு மனைவி. பட்டாளம். பழைய கூட்டாளிகளை விட்டு விலகின ஒரு புது ஊர். திண்ணைத் தாத்தா இதைக் கேட்டால் மறுபடியும் தலையை ஆட்டுவார், இந்தத் தடவை வேறு மாதிரி.

ஹவாய்த் தீவுகளில் கவாய் என்று ஒரு தீவு. 1955-ல் அங்கே பிறந்த 698 குழந்தைகளையும் எம்மி வெர்னர் என்ற அம்மையார் பல வருடம் கவனித்து வந்தார். ஏழ்மை, சண்டை, குடி என்று எல்லாம் நிறைந்த வீட்டில் பிறந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குப் பேர் நல்லபடியாகத் தலை எடுத்தார்கள். அவர்களிடம் பொதுவாக இருந்தது, விட்டுப் போகாத ஒரு பெரியவர். தாயாக இருக்க வேண்டியதில்லை. பாட்டி, சித்தி, வாத்தியார், அடுத்த வீட்டுக்காரர், யாராகவும் இருக்கலாம்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அறிஞர் அண்ணா 1909-ல் இந்த ஊரில் எளிய நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டுக் கஷ்டத்துக்காகப் படிப்பை நிறுத்தி, நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தாவாகக்கூட இருந்தார். அவரை வளர்த்து ஆளாக்கியவர் சிற்றன்னை இராசாமணி அம்மாள். அவர் "தொத்தா" என்று கூப்பிட்ட அந்த அம்மாள், மறுபடியும் பள்ளிக்கூடம் போய், 1967-ல் முதல் அமைச்சரும் ஆன அந்தப் பிள்ளைக்கு ஒரு தூணாக நின்றவர்.

சட்டைப் பையில் பத்து ரூபாய்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இப்சிலான்டி என்ற ஊரில் 1962-ல் ஒரு சோதனை செய்தார்கள். ஏழை வீட்டுக் குழந்தைகள் 123 பேர். மூன்று, நாலு வயது. அவர்களில் 58 பேரைப் பாலர் பள்ளியில் சேர்த்தார்கள். 65 பேருக்கு அது கிடைக்கவில்லை. ஆசிரியைகள் வாரம் ஒரு தடவை வீட்டுக்கே போய்த் தாயோடும் குழந்தையோடும் உட்கார்ந்தார்கள். 40 வயது ஆனபோது கணக்கு எடுத்தார்கள். ஐந்து தடவையோ அதற்கு மேலோ கைதானவர்கள், பாலர் பள்ளி கிடைக்காதவர்களில் 100-க்கு 55. கிடைத்தவர்களில் 100-க்கு 36. மூன்று வயதில் விளையாடிய விளையாட்டு நாற்பது வயதில் ஜெயில் கதவை ஓரளவு சாத்தியது!

நம் ஊரிலும் தெருவுக்குத் தெரு அங்கன்வாடி இருக்கிறது. சத்து மாவு வாங்குகிற இடம் என்றே பல தாய்மார்கள் நினைக்கிறார்கள். குழந்தையை அங்கே விட்டுப் பாருங்கள். வரிசையில் நிற்கவும், பொம்மையைப் பங்கு போடவும், "என் முறை வரும்" என்று காத்திருக்கவும் அங்கேதான் முதலில் கற்றுக்கொள்கிறது.

வீட்டில்? ஆணியில் மாட்டிய அப்பா சட்டையில் இருந்து ஏழு வயதுப் பையன் பத்து ரூபாய் எடுத்துவிட்டான். எல்லா வீட்டிலும் ஒரு நாள் நடக்கிறதுதான். சூடு வைக்கிற வீடும் உண்டு. "என் செல்லம், கெட்டிக்காரன்!" என்று சிரிக்கிற வீடும் உண்டு. இரண்டும் வேண்டாம். எதற்கு எடுத்தாய் என்று கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள். பென்சில் வாங்க என்றால், கேட்டால் தருவேன் என்று சொல்லிக் கொடுங்கள். பெரிய பையன் மிரட்டிக் கேட்டான் என்றால், மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு நீங்களே போங்கள். கடையில் மிட்டாய் வாங்கினான் என்றால், மிச்சக் காசைத் திருப்பி வைக்கச் சொல்லுங்கள், தீர்ந்துவிட்டால் இரண்டு நாள் வீட்டு வேலை செய்து கழிக்கச் சொல்லுங்கள். எடுத்தது தப்பு என்று அப்பாவும் அம்மாவும் ஒரே மாதிரி சொல்லுங்கள். பாட்டி நடுவில் புகுந்து பரிந்து பேசினால், பாட்டியிடம் தனியாகப் பேசிக்கொள்ளலாம். "திருடன்" என்று மட்டும் கூப்பிட வேண்டாம். உறவுக்காரர்கள் வந்தபோது சொல்லிக் காட்டவும் வேண்டாம்.

பையன் மூன்று நாள் சேர்ந்தாற்போல் பள்ளிக்கூடம் போகவில்லை, கையில் புதுக் காசு, புதுப் போன் இருக்கிறது, இரவில் வெளியே இருக்கிறான் என்றால், தாமதம் செய்யாமல் வாத்தியாரைப் பாருங்கள். ஒரு பிள்ளையை யாராவது வேலைக்கு அடைத்து வைத்திருந்தாலும், அடித்தாலும், பஸ் நிலையத்தில் தனியாக ஒரு பிள்ளை அலைந்தாலும், 1098 என்ற நம்பருக்குப் போன் செய்யலாம். காசு கிடையாது. ராத்திரியிலும் எடுப்பார்கள். நீங்கள் யார் என்பதை வெளியே சொல்ல மாட்டார்கள். அந்தப் பிள்ளையே கூடப் பேசலாம்.